இரண்டாவது கியர்

எண்ணெய் இறங்கவில்லை. மெக்கானிக் அர்ச்சுனன் டிராக்டருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, கியர்ப்பெட்டியின் அடிப்போல்ட்டைக் கழற்றியாகிவிட்டது. அலுமினியச் சட்டியைத் துளைக்கு நேராக வைத்தாகிவிட்டது. தெறிக்காதபடி முகத்தையும் ஒதுக்கிக்கொண்டாகிவிட்டது. வரவேண்டிய எண்ணெய்தான் வரவில்லை. “உள்ள இருக்கறது எண்ணெய்தானுங்களாக்கா, இல்ல கம்பங்கூழ் கிம்பங்கூழ் காய்ச்சி ஊத்தி வெச்சிருக்கறீங்களா?” என்று அடியிலிருந்து கேட்டான். சாரதாமணி கொட்டகைத் தூணில் முதுகைச் சாய்த்து முக்காலியில் உட்கார்ந்து அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சி தாண்டிவிட்டது, மேலே தகரக்கூரை சூட்டில் டக் டக்கென்று முறிகிற சத்தம் கேட்டது. எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நாளைக் காலையில் பத்திர ஆபீசுக்குப் போகவேண்டும். அப்பா விட்டுப்போன வாய்க்கால் நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு ஈடாகத்தான் அப்பாவின் இந்த டிராக்டர். “நிலத்தத் துண்டு போட்டா ஆருக்கும் ஒதவாது அம்மிணி. வண்டி உனக்கு, காடு எனக்கு. ஊரே கண்ணு வெக்கற மாதிரி ஒத்துமையா முடிச்சுக்கலாம்” என்று அண்ணன் சொன்னபோது உடனே சரியென்று தலையாட்டினாள். கையெழுத்துக்குக் காத்திருக்காமல் ஐப்பசியிலேயே வண்டியை அனுப்பியும் விட்டார். முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்கிறவர் எப்படி ஏமாற்றுகிறவராக இருக்கமுடியும்? ஏமாற்று என்ற சொல் ஏன் இப்போது வந்தது, எண்ணெய் இறங்கவில்லை, அவ்வளவுதான், பழைய வண்டி, பழைய எண்ணெய், கெட்டியாகியிருக்கும். கணவர் சென்னியப்பன்தான் இந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது. வண்டி வந்த அன்று எண்ணெய் மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “உங்கண்ணன் அவ்வளவு லேசுல ஒன்னுங் குடுக்க மாட்டானே” என்றார். அதற்காக அவரோடு சில நாள் பேசாமல் இருந்தாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள்.

அர்ச்சுனன் கம்பி ஒன்றை வளைத்துத் துளைக்குள் விட்டுக் குத்தினான். கறுப்பாக ஒரு கட்டி சட்டியில் தொப்பென்று விழுந்தது, அதன் பின்னால்தான் எண்ணெய் வந்தது, அதுவும் ஒழுகாமல் திரண்டு திரண்டு வந்தது. அவன் ஒரு விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு வெளியே வந்து துணியில் கை துடைத்தான். “வண்டி எங்கிருந்துங்கக்கா வாங்குனது?” என்றான். “எங்கப்பா வண்டி.” “அப்பா இருக்கறாருங்களா?” “இல்ல.” அவன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மரத்தூள் போட்டிருக்குதுங்கக்கா.” அது எதற்கென்று அவனே சொன்னான். பல் தேய்ந்துபோன கியர் ஓடும்போது ஊளையிடும். எண்ணெயோடு அறுத்த மரத்தூளைக் கலந்து ஊற்றிவிட்டால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தூள் மெத்தை மாதிரி போய் நின்றுகொள்ளும், சத்தம் அடங்கிவிடும். சந்தையில் வண்டியை விற்கிறவர்கள் செய்கிற வேலை. “கொஞ்ச நாள் புதுசாட்டம் ஓடும். அப்பறம் தூள் போய் பேரிங்க அடைச்சுக்கும். எண்ணெய் போகாத பேரிங் தேஞ்சுரும், தண்டு ஆட ஆரம்பிச்சுரும். தண்டு ஆடுனா பல்லு பல்லோட முழுசாச் சேராதுங்க. சேராத பல்லு ஒன்னயொன்னு தள்ளிவிடும். உங்களுக்கு ரெண்டாவது கியர் கழண்டு கழண்டு வந்துச்சே, அது அதுதான்” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வயிற்றுவலிக்காரனுக்கு வைத்தியர் சொல்வதுபோலச் சொன்னான். விற்கிறவர்கள் செய்கிற வேலை. இது விற்ற வண்டி இல்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். நாளைக் காலையை நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வண்டி சத்தமில்லாமல்தான் வந்தது. அன்றைக்கு அது ஆச்சரியமாகக்கூட இருந்தது, அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி இத்தனை அடக்கமாக ஓடுகிறதே என்று. அப்பா ஓட்டிய காலத்தில் வாய்க்கால் மேட்டில் ஏறும்போதே அதன் ஊளை வீட்டுக்குக் கேட்கும், அம்மா உலை வைப்பாள். அண்ணன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஓட்டப் பழகினார், அவளுக்கு மட்கார்டு மட்டும்தான், அதிலும் பாவாடை சக்கரத்தில் மாட்டும் என்று பாதிநாள் இறக்கிவிட்டுவிடுவார்கள். சென்னியப்பனுக்கு முதுகெலும்பு நழுவிக் காட்டுவேலை முடியாமல்போன வருஷம், வாடகை டிராக்டரில் அவளாகத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சாலையில் போனால் கடைக்காரர்கள் எழுந்துநின்று பார்ப்பார்கள். தன் வண்டி, தன் பேரில் வண்டி, அதுவும் அப்பாவின் வண்டி என்றதும் வாய்க்கால் நிலமெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அண்ணனுக்கு அது தெரியும். தெரிந்துதான். இல்லை, அப்படி இல்லை, எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து கொடுத்தார், அது பாசம். பாசத்தில் மரத்தூள் எப்படி வரும்? அப்பா போட்டிருப்பார். ஆமாம், அப்பாதான். கடைசிக் காலத்தில் வண்டியை விற்றுவிடலாமென்று ஒருமுறை தரகரை வரச்சொல்லியிருந்தார், அப்புறம் மனது வராமல் விட்டுவிட்டார். அப்போது போட்டிருப்பார். செத்தவரைச் சொல்வது பாவந்தான், ஆனால் அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார், அப்பாமேல் போட்டால் எல்லாம் நேராகிவிடும், நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘அண்ணா, நம்மப்பா பண்ணியிருக்கற வேலையப் பாருங்க’ என்று இரண்டு பேருமாகச் சிரித்துக்கொள்ளலாம். இணைச்சீர் அன்றைக்குச் சிரித்த மாதிரி. அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்தது அவள்தான், மணப்பெண் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவளை உட்காரவைத்து, ஒரே சேலையின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை அவர் கையிலும் கொடுத்துச் செய்கிற சீர். எத்தனை உறவு வந்தாலும் உன் இடம் உனக்கு என்று பெரியவர்கள் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். முனையைப் பிடித்திருந்த அண்ணன் கை வேர்த்திருந்தது, “கெட்டியாப் புடி, விட்டீன்னா அடி விழும்” என்று காதில் சொன்னார், அவளுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

“மேல்மூடியத் தூக்கப் போறனுங்க” என்றான் அர்ச்சுனன். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்திருந்தான். கியர் கம்பியோடு சேர்ந்த அந்த மூடியைத் தூக்குவதற்கு முன், கம்பியில் கட்டியிருந்த சைக்கிள் டியூப் துண்டை அவிழ்த்து அவளிடம் நீட்டினான். “இது ஆருங்க, உங்க அசிஸ்டெண்டா? சம்பளம் ஒழுங்காக் குடுக்கறீங்களா?” அவள் சிரித்தாள், சிரிப்பு வந்ததே என்று இருந்தது. இரண்டாவது கியர் கழன்று வர ஆரம்பித்தபோது முதலில் முழங்காலால் கம்பியை அழுத்திக்கொண்டு ஓட்டினாள், முழங்காலில் காய்ப்பே விழுந்தது. அப்புறம் டியூபை அறுத்துக் கம்பியைச் சீட்டோடு சேர்த்து இழுத்துக் கட்டினாள். பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். போன வாரம் சோள மூட்டை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போது, கட்டியும் கேட்காமல் கியர் கழன்றது. உள்ளே கழன்றுவிட்டது, வெளியே டியூப் கம்பியை விடவில்லை, வேறு கியருக்கும் போகமுடியவில்லை. வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. டிரெய்லரில் மூட்டைமேல் வேலைக்காரப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் அப்போதும் ஏதோ சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள், வண்டி பின்னால் போகிறதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பிரேக்கின்மேல் ஏறி நின்றாள். இரண்டு காலாலும் ஏறி நின்றாள். டிரெய்லர் சக்கரம் வாய்க்கால் ஓரக் கல்லில் முட்டி நின்றது. கீழே தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மூவரில் ஒருத்தி, “ஏனுங்கக்கா நிறுத்திப்போட்டீங்க?” என்று கேட்டாள். வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சென்னியப்பன் அண்ணனைப் பேசுவார். அந்த மூன்று பெண்களையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தால்கூட அண்ணனைப் பேசிவிடக்கூடாதே என்றுதான் முதலில் நினைத்திருப்பேனா என்று அன்று படுத்தபின் தோன்றியது, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போர்த்திக்கொண்டாள்.

மூடி எழும்பியது. உள்ளே பார்க்கும்படி அர்ச்சுனன் டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெரிய ஸ்க்ரூடிரைவரால் கியரின் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினான். இரண்டாவது கியரின் பற்கள் முனையில் மழுங்கி உருண்டிருந்தன. தண்டைக் கையால் பிடித்து ஆட்டினான், ஆடக்கூடாத தண்டு பால்பல் மாதிரி ஆடியது. “ரொம்ப நாள் ஆயிருக்குங்களா, தூள் போட்டு?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல், ஆமாம் என்று சொல். அவன் ஒரு கரண்டியை எடுத்துப் பெட்டியின் மூலையில், பற்கள் எட்டாத இடத்தில், படிந்திருந்ததை வழித்து ஒரு டப்பா மூடியில் வைத்து, மேலே டீசலை ஊற்றிக் கலக்கிக் காட்டினான். கறுப்பு கழன்றது. கீழே மஞ்சளாக, சுருள் சுருளாக, விரலில் எடுத்துப் பார்க்கிற மாதிரி முழுத் தூள் கிடந்தது. “அரைபட்டது மாவாயிருச்சு. இது மூலைல ஒதுங்குனது, அப்படியே இருக்குது பாருங்க. அதிகம் போனா நாலு மாசம் இருக்குமுங்க.” இருக்கட்டும், நின்ற வண்டியில் தூள் அரைபடாது, அப்பா போட்டு வண்டி ஓடாமலே நின்றிருந்தால் அப்படியேதான் இருக்கும், அப்பா போனபின் வண்டி கொட்டகையில்தானே நின்றது. நின்றது. போன ஆடியில் எரு கொண்டுவந்து இறக்கியது எந்த வண்டி? அண்ணனே ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு அதற்கு முந்தைய மாசந்தான் வருஷத் திதி கொடுத்திருந்தார்கள். அடுப்படியில் நின்றவளுக்கு ஊளை கேட்டது, அப்பா வருகிறார் என்று ஒரு கணம் கை உலைக்குப் போனது. கேட்டது, நன்றாகக் கேட்டது, ‘இன்னும் அதே சத்தமுங்களா’ என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது, அவரும் சிரித்தார். ஆடியில் ஊளை இருந்தது, ஐப்பசியில் இல்லை. காது ஏன் இதையெல்லாம் வைத்துக்கொள்கிறது? சாட்சி சொல்ல வேறு ஆள் இல்லாமல் அவள் காதே வந்து நின்றது.

அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? ஆவணியில் அண்ணன் புதுவீட்டுக்கு வாசல்நிலை வைத்தார். வாய்க்கால் நிலத்திலேயே, சாலையைப் பார்த்து. கூடப்பிறந்தவள்தான் வைக்கவேண்டுமென்று நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். தச்சர்கள் அங்கேயே பந்தல்போட்டு மரம் அறுத்தார்கள், தூள் கணுக்கால் வரைக்கும் கிடந்தது, அவள் கொலுசில் மாட்டி வீடுவரைக்கும் வந்தது. மஞ்சள் நிறத்தூள். எல்லா மரத்தூளும் மஞ்சளாகத்தான் இருக்கும். எண்ணெயில் ஊறியபின் தேக்கா வேம்பா என்று யார் சொல்லமுடியும்? அர்ச்சுனனைக் கேட்டால் சொல்லுவானோ என்னவோ, கேட்கக்கூடாது, கேட்டால் சொல்லிவிடுவான். டிரைவர் போட்டிருப்பான். ஆமாம், அண்ணன் வீட்டு டிரைவர், அவன் பழைய வண்டிகளை வாங்கி விற்கிற இடத்தில் வேலை பார்த்து வந்தவன்தானே, அவனுக்குத்தான் இந்தத் தந்திரமெல்லாம் தெரியும். தங்கச்சிக்குப் போகிற வண்டி, சத்தமில்லாமல் பார்த்து அனுப்பு என்று அண்ணன் நல்லபடியாகச் சொல்லியிருப்பார், அவன் சோம்பேறித்தனத்தில் தூளை அள்ளிப் போட்டிருப்பான். அண்ணனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது. அவன் என்று தன் மனதுக்குள் அண்ணனை நினைத்துவிட்டதை உணர்ந்து, யாரோ கேட்டுவிட்டதைப்போலத் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் அர்ச்சுனன் மட்டும் பேரிங்கைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். டிரைவர்தான். இந்த முடிவு அவளுக்கு வசதியாக இருந்தது, ஈரத்துணியை நெற்றியில் போட்டதுபோல இருந்தது. அது காய்வதற்குள் போன் அடித்தது.

“அம்மிணி, காலைல ஒம்பது மணிக்குக் கார் அனுப்பறேன். ஆதார் கார்டு மறக்காம எடுத்துக்க” என்றார் அண்ணன் லோகநாதன். “சரிங்கண்ணா.” “உங்க நங்கையா உனக்குன்னு ஒரு சேலை எடுத்து வெச்சிருக்கறா. நிறம் புடிக்கலீன்னா மாத்திக்கலாமாம், அதையும் சொல்லச் சொல்றா.” “எதுக்குங்கண்ணா அதெல்லாம்.” “எதுக்கா? ஒத்தத் தங்கச்சி.” அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடியது, அண்ணன் மனைவி நங்கையா யாரையோ அதட்டுவது கேட்டது, எல்லாம் வழக்கம்போல் இருந்தது, இப்படியே சரிங்கண்ணா சரிங்கண்ணா என்று முடித்துவிடலாம். “வண்டியப் பிரிச்சிருக்கறனுங்கண்ணா” என்றாள். தொலைக்காட்சி மட்டும் பேசிற்று. ஏன், என்னாச்சு என்று கேட்பார். கேட்கவேண்டும். நல்லாத்தானே இருந்துச்சு, எங்க போச்சு, கிளட்சா, கியரா என்று கேட்பார். வண்டி கொடுத்த எவரும் அதைத்தான் கேட்பார்கள். கேளுங்கண்ணா. “ஆரு பிரிச்சது?” என்றார் அவர். அவள் சொன்னாள். “அவனையெல்லாம் எதுக்குக் கூப்பிட்டே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம ஆள அனுப்பியிருப்பனே. பூராப் பிரிச்சுட்டானா?” “மேல்மூடியத் தூக்கியாச்சுங்கண்ணா. எண்ணெயும் எறக்கியாச்சு.” மறுபடி தொலைக்காட்சி. அப்புறம் யாரோ அதை அணைத்தார்கள். “பழைய வண்டின்னா ஆயிரம் இருக்கும் அம்மிணி. நாளைக்கு வேலை முடியட்டும், மறுநாளே நான் நின்னு செஞ்சு தர்றேன். செலவு என்னுது.” இப்போதுகூட என்ன பழுது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஒருவருடைய குரல் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது. அவளுக்குக் கோபம் வரவில்லை, கோபம் வந்தால் நன்றாயிருக்கும், உள்ளே என்னவோ கழன்று பின்னால் போவதுபோலத்தான் இருந்தது, ஏறி நிற்க பிரேக் இல்லை. “நாளைக்கு நான் வர்லீங்கண்ணா.” “ஏன்?” இதற்கு மட்டும் ‘ஏன்’ வந்தது. “வர்லீங்கண்ணா.” “சென்னியப்பன் சொல்லிக் குடுத்தானா? பங்கு கேக்கச் சொல்றானா? வண்டியையும் வாங்கிப் போட்டுட்டு?” மரத்தூள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் இல்லையென்பார், குழந்தைமேல் சத்தியம் பண்ணுவார், டிரைவரை வீட்டுவாசலில் நிறுத்தி அடிப்பார், அதையும் நின்று பார்க்கவேண்டும். பிறகு ஊரில் சொல்வார்கள், சந்தையில் ஏமாறின மாதிரி அண்ணன்கிட்ட ஏமாந்தவ என்று. அதைவிடப் பங்கு கேட்டவள் என்ற பேர் தேவலை. “ஆமாங்கண்ணா. பங்குதான் கேக்கறேன்” என்றாள். “உன்ன இப்படி நெனைக்கலியே” என்று அவர் சொன்னது உண்மையான வருத்தத்தோடு இருந்தது. போனை முதலில் வைத்தது அவர்தான். இனி அந்த வாசல்நிலையைத் தாண்டி உள்ளே போகமுடியாது. அண்ணனிடம் பங்கு கேட்டவள் என்று பங்காளிகள் வீட்டுக்கு வீடு சொல்வார்கள், கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், நங்கையா அந்தச் சேலையை வேறு யாருக்காவது கட்டக் கொடுத்துவிடுவாள்.

அர்ச்சுனன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான், கேட்காதவன்போலக் கியரை டீசலில் கழுவிக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் கழித்து, “மாமா வந்து கேட்டாருன்னா என்னங்கக்கா சொல்றது?” என்றான். “பேரிங் போயிருச்சுன்னு சொல்லுங்க.” “தூள்?” “தூள் ஒன்னும் இல்ல.” அவன் தலையை மட்டும் ஆட்டினான். சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எருக்குழிப் பக்கம் போனாள். கனமாக இருந்தது. மண்வெட்டியால் ஒரு குழி பறித்து ஊற்றினாள், அது மண்ணில் இறங்காமல் மேலேயே தளதளவென்று நின்றது, மண்ணைத் தள்ளி மூடி மிதித்தாள். திரும்பி வரும்போது சென்னியப்பன் பைக்கை நிறுத்திவிட்டுக் கொட்டகையில் நின்றார். “என்னவாம்?” என்றார். “பேரிங்காமுங்க.” “அவ்வளவுதானா? நான் உங்கண்ணன் என்னமோ பண்ணிப்போட்டான்னு நெனைச்சேன்.” அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. நடக்காத ஒன்றுக்காக இத்தனை நாள் காத்திருந்தவருடைய ஏமாற்றம். எப்படியும் கார் வராதபோது காலையில் தெரிந்துவிடும் என்று, “நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகலீங்க. பங்கு வேணும்னு சொல்லிட்டேன்” என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது, கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவள் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. “நெசமாவா? உனக்கும் புத்தி இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்று அர்ச்சுனனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார், அர்ச்சுனன் கியரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எதிர்த்துச் சொல்ல அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, அதை இப்போதுதான் மிதித்து மூடிவிட்டு வந்தாள். “நீ உக்காரு, காப்பி நான் போடறேன்” என்றார் அவர். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அடுப்பைத் தொடாத மனிதர், முதுகைப் பிடித்தபடி உற்சாகமாக உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பால் எங்கே வைத்திருக்கிறாய் என்று கூப்பிட்டுக் கேட்டார். அவள் முக்காலியில் உட்கார்ந்து, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொருமுறை கேட்டார்.